பச்சைக் கைக்கு எத்தனை வீதம் வெளிச்சம்?

சென்ற மாதம் ஒரு மழை நாள் மாலை, எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்து நான் ரோட்டிலேயே நின்றுவிட்டேன்.

பதுளையில் எங்கள் வீடு ஒரு மேட்டில் இருக்கிறது. கீழ் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் கண்ணில் படுவது ஹால் ஜன்னல்தான். அந்த நேரத்தில் அது நீலமாக இருக்க வேண்டும். மங்கலான, தூங்கி வழிகிற ஒரு நீலம். அதை அப்படி வைத்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்று ஜன்னல் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. கல்யாண வீட்டு வெள்ளை.

ஜன்னல் என்ன நிறத்தில் எரிந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டுக்குக் கடல் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

என் கணவர் மாலைதீவில் ஒரு ஹோட்டலில் ஏசி பழுது பார்க்கிறவர். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பள்ளிச் சுற்றுலா போகும்வரை கடலையே பார்க்காதவர். மாலைதீவுக்குப் போன புதிதில் யாரோ ஒரு கண்ணாடியைக் கொடுத்து, தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்தார். அவ்வளவுதான். தலை மட்டும் வெளியே வந்தது. மனசு வரவில்லை.

அடுத்த லீவில் வந்தவர் ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்தார். தண்ணீரை வடிகட்டினார். கொழும்பிலிருந்து வந்த உப்பைக் கலந்தார். கடலுக்கு எட்டாத இந்த ஊரில் ஒரு கடலை உண்டாக்கி, அதை என் கையில் கொடுத்துவிட்டு பிளேன் ஏறிவிட்டார்.

ஏற்கெனவே என் கையில் இருந்தவை: மூன்றரை வயது மகள், பள்ளிக்கூட வேலை, பின்னேர டியூஷன் வகுப்பு, பத்திரிகைக்கு எழுதும் இந்தப் பத்தி. இப்போது கடலும்.

மாமா கூட இருக்கிறார். கணவரின் அப்பா. லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்த்து ஓய்வு பெற்றவர். மாமி தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. நான் டியூஷனுக்குப் போகும் நேரத்தில் மகள் தியாவைப் பார்த்துக்கொள்வது அவர்தான். அவர் இல்லாவிட்டால் இந்த வீடு ஓடாது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்... பிறகு என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது இல்லையா?

தொட்டியைப் பார்க்க அக்கம்பக்கம் எல்லாம் வந்தது. "இம்புட்டுத் தண்ணிக்கு ரெண்டே ரெண்டு மீனா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "குழம்புக்கு ஆகுமா?" என்றார். மாமா பதில் சொன்னார்: "ஆகும். ஆனா விலையைக் கேட்டா தொண்டையில எறங்காது."

சில மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு தொட்டியின் பழைய லைட் கெட்டுப் போனது. கணவர் கொழும்புக்குப் போன் போட்டு, ஒரு புது எல்.இ.டி. லைட்டை பஸ்ஸில் பார்சலாக வரவழைத்தார். கூடவே ஒரு துண்டுப் பவளம்.

பள்ளிக்கூடத்தில் நாம் முருகைக்கல் என்று படித்தோமே, அதுதான். ஆனால் கல் மாதிரி இல்லாத வகை. மெத்தென்று, விரல் விரலாகப் பிரிந்து, விரல் முழுக்கப் பச்சை மொட்டுகளோடு இருந்தது. கடலில் பிய்த்தது இல்லை. கொழும்பில் ஒருவர் தன் வீட்டுத் தொட்டியில் வளர்த்து, வெட்டித் தந்தது. தியா பார்த்த உடனே பெயர் வைத்துவிட்டாள். பச்சைக் கை.

பச்சைக் கை எங்களுக்குக் கை காட்டியது. தண்ணீர் ஓட்டத்தில் அசைந்து அசைந்து... உண்மையாகவே "வாங்க வாங்க" என்பது போல.

இனி பிரச்சினைக்கு வருகிறேன்.

பவளம் ஒரு பிராணி. ஆனால் சமைக்கத் தெரியாத பிராணி. அதன் உடம்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத சிறு பாசிகள் குடியிருக்கின்றன. அவைதான் வெளிச்சத்தை வாங்கி, சமைத்து, வீட்டுக்காரருக்குப் பரிமாறுகின்றன. வீட்டுக்காரரின் நிறமும் பெரும்பாலும் அவற்றின் புண்ணியம்தான். வெளிச்சம் திடீரென்று கூடினால் சமையற்காரருக்குத் தலை கிறுகிறுத்து, விஷத்தைச் சமைக்க ஆரம்பித்துவிடுவாராம். உடனே பவளம் என்ன செய்யும்? சமையற்காரரை வெளியே அனுப்பிவிடும். அனுப்பியபின் வெளுத்துப் போய், பட்டினி கிடக்கும். கோபத்தில் முடிவெடுக்கிற எல்லாரும் செய்கிற வேலைதான்.

கொழும்புக்காரரின் தொட்டி மங்கலான தொட்டி. எங்கள் புது லைட்டோ சூரியனுக்குத் தம்பி. ஆகவே பச்சைக் கையை மெல்ல மெல்லப் பழக்க வேண்டும். கணவர் போனில் விளக்கினார்.

"இங்க பாரு, ரொம்ப சிம்பிள். நர்சரியில தேயிலை நாத்துக்கு மேல பந்தல் போட்டிருப்பாங்கல்ல? ஒரேயடியா பிரிப்பாங்களா? கொஞ்சம் கொஞ்சமாத்தானே பிரிக்கிறாங்க. அதே கததான். நாத்து கருகும், இது வெளுக்கும். அம்புட்டுத்தான் வித்தியாசம்."

"எவ்வளவு வைக்கிறதுங்க?"

"நூத்துக்கு இருபது வீதத்துல தொடங்கு. அடியில மணல்ல வை. வாரா வாரம் துளி துளியா ஏத்து. அது நல்லா விரிஞ்சு நின்னா மட்டும் ஏத்து."

எங்கள் வீட்டில் சிம்பிள் என்று சொல்லப்பட்ட எதுவும் என் கையில் சிம்பிளாக முடிந்ததில்லை.

ஏனென்றால் நான் சொன்னதை மட்டும் செய்கிறவள் இல்லை. சொன்னதைச் செய்துவிட்டு, சொல்லாததையும் தேடிப் படித்துவிட்டு, அதற்கு மேல் சொந்தமாக நாலு பயத்தையும் சேர்த்துக்கொள்கிறவள். தியா பிறந்தபோது தண்ணீரை இரண்டு தரம் கொதிக்க வைத்தவள் நான். முதல் தரம் கிருமிக்கு. இரண்டாம் தரம் எனக்கு.

லைட்டை போனில் உள்ள ஆப் மூலம் இருபது வீதத்தில் வைத்தேன். காலையில் மெல்ல ஏறி, நண்பகலில் அந்த இருபதைத் தொட்டு, பின்னேரம் இறங்கி, அந்திக்கு வெறும் நீலமாக முடிகிற மாதிரி. ஒரு நாள் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்?

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டேன். லைட்டின் தலையில் ஒரு பட்டன் இருக்கிறது. தொட்டியைத் துடைக்கும்போது பார்க்க வசதியாக, ஒரு தரம் அமுக்கினால் முழு வெள்ளை எரியும். இன்னொரு தரம் அமுக்கினால் பழையபடி ஆப் சொல்கிறபடி எரியும். தியா அதைத் தொட்டுவிடுவாளோ என்று பக்கத்தில் இருந்த முக்காலியை எடுத்து அறைக்குள் வைத்துப் பூட்டினேன். கடைசியாக மாமாவிடம் சொன்னேன்.

"மாமா, கொஞ்ச நாளைக்கு ஹால்ல டியூப் லைட் போட வேணாம். வெளி வெளிச்சம் இதுக்கு ஆகாதாம். தொட்டியோட நீல வெளிச்சமே போதும்."

மாமா டியூப் லைட்டைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். "சரிம்மா" என்றார்.

டியூப் லைட் வெளிச்சத்தால் ஒரு பவளத்துக்கும் ஒன்றும் ஆகாது என்பதை நான் பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அப்போது எனக்கு எந்த வெளிச்சத்தின் மீதும் நம்பிக்கை இல்லை.

முதல் சில நாள் பச்சைக் கை விரிந்துதான் நின்றது. பிறகு ஒரு காலை, விரல் நுனிகள் வெளிறியிருந்தன. அதற்கடுத்த நாள் மொட்டுகள் பாதிக்கு மேல் உள்ளே இழுத்துக்கொண்டன. வாரக் கடைசியில் அது பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை. துவைத்துத் துவைத்து வெளிறிய யூனிபார்ம் நிறம்.

இருபது வீதம் அதிகமோ? பதினைந்தாக்கினேன். இன்னும் வெளுத்தது. பத்தாக்கினேன். இன்னும் வெளுத்தது.

பிறகுதான் பயம் பிடித்தது. ஒருவேளை வெளிச்சம் போதாமல்தான் பட்டினி கிடக்கிறதோ? நான் குறைக்கக் குறைக்க அது பசியில் வெளுக்கிறதோ? கூட்டினால் கருகும் என்றால்... குறைத்தால் சாகும் என்றால்... ஆப்பைத் திறந்து கோட்டை மேலே தள்ளுவேன். மறு நிமிடம் கீழே இழுப்பேன். பாடம் நடத்தும்போது கரும்பலகையில் வீதக் கணக்கு எழுதினால்கூடக் கை தயங்கியது.

உப்பைச் சந்தேகித்தேன். கடைத்தெருவில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் போத்தலில் தண்ணீரைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மூடியைத் திறந்து முகர்ந்து, மூடிக் கொடுத்தார்.

"தங்கச்சி, என்ட கடையில நல்ல தண்ணி மீனே ஒழுங்கா நிக்குதில்ல. நீங்க கடல் தண்ணியக் கொண்டுவந்து காட்டுறீங்க. மலை ஏறி வந்த கடலுக்குத் தலை சுத்தாதா?"

தலை சுத்தியது எனக்குத்தான்.

அடுத்து மகளைச் சந்தேகித்தேன். மடியில் வைத்து, குரலை இனிமையாக்கி விசாரித்தேன்.

"தியாக்குட்டி, நீங்க லைட்டைத் தொட்டீங்களா?"

"இல்ல."

"நெசமா?"

"நெசமா. நான் தண்ணியத்தான் தொட்டேன்."

புதிதாக ஒரு கவலை. சோப்புக் கையோ? எப்போது தொட்டாள்? எத்தனை தரம்? கேட்கக் கேட்க அவளுக்கு அலுத்துவிட்டது. மடியிலிருந்து இறங்கிக்கொண்டே சொன்னாள்: "சாமி கும்பிட்டா மீனு வெள்ளையாகும்மா."

மூன்றரை வயதில் பக்தி நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம் கணவரிடம் வீடியோவில் பச்சைக் கையைக் காட்டினேன். அவர் போனை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நீ ஏதாவது மாத்துனியா?"

"நீங்க சொன்னபடிதாங்க..."

"சொன்னபடி செஞ்சா இப்படி ஆகாது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். கோபமாகச் சொன்னால் நானும் ஏதாவது சொல்லலாம். அவரே தொடர்ந்தார்.

"உனக்கும் பிள்ள, ஸ்கூல், எல்லாம் இருக்கு. நான்தான் யோசிக்காம வச்சிட்டுப் போயிட்டேன். பண்டாரவளையில ஒரு பிரெண்டு தொட்டியோட எடுத்துக்கிறேங்கிறான். இந்த மாசக் கடைசிக்குள்ள இது தேறலன்னா, குடுத்துடுவோம். மீனாச்சும் பொழைக்கட்டும்."

நியாயமான பேச்சு. எனக்கு ஒரு வேலை குறையும். உப்புக் கலக்க வேண்டாம், தண்ணீர் சுமக்க வேண்டாம், ஆப் பார்க்க வேண்டாம். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் தியா அப்பாவிடம் பேசுவதே அந்தத் தொட்டியின் முன்னால்தான். போனைத் தொட்டியின் பக்கம் திருப்பி, இருவரும் ஒரே மீனைப் பார்த்துக்கொண்டு பேசுவார்கள். முகத்தைப் பார்த்துப் பேசினால் இரண்டே நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். மீனைப் பார்த்துப் பேசினால் தீராது. அந்தத் தொட்டி பண்டாரவளைக்குப் போனால் என்ன போகும் என்று எனக்குத் தெரியும். எப்படியாவது அதைத் தேற்ற வேண்டும். ஆனால் கூட்டுவதா, குறைப்பதா?

இந்த நிலையில்தான் அந்த மழை நாள். டியூஷன் ஹாலில் ஒழுகியது, பிள்ளைகள் பாதிப் பேர் வரவில்லை, வகுப்பை விட்டாச்சு. வழக்கத்தைவிட முன்னதாகவே கீழ் ரோட்டில் இறங்கினேன். ஜன்னல் வெள்ளை. திரைக்குப் பின்னாலும் அப்படி ஒரு வெள்ளை. குடைக்குள் நின்றபடியே போனை எடுத்து ஆப்பைப் பார்த்தேன். பத்து வீதம் என்றது. மாலை நீலம் என்றது. ஆப் பொய் சொல்லவில்லை. அது தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. லைட்டின் தலையில் இருந்த பட்டனைப் பற்றி அதற்கு யார் சொன்னார்கள்?

மேட்டில் ஓடினேன் என்று எழுத ஆசைதான். செருப்பு வழுக்கியதால் நடந்தேன்.

கதவைத் திறந்தால், சாம்பிராணி வாசம். சாமித் தட்டில் விளக்கு எரிகிறது. மாமா நெற்றியில் திருநீறோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தியா தொட்டியைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறாள். தொட்டி நூறு வீதத்தில் கண் கூசுகிறது. அதற்குள்ளே பச்சைக் கை, மொட்டுகளையெல்லாம் இழுத்துக்கொண்டு, மூடிய கையாக.

"வாம்மா. நனைஞ்சிட்டியா? என்ன இன்னைக்கு வெள்ளன வந்துட்ட?"

"கிளாஸ் இல்ல மாமா. மாமா... அந்த லைட்டு..."

"ஐயையோ!" என்று எழுந்தார். கையை நீட்டிப் பட்டனை அமுக்கினார். ஹால் நீலத்தில் மூழ்கியது. "எப்பவும் நீ வர்றதுக்குள்ள மாத்திடுவேன். இன்னைக்கு நீ முந்திக்கிட்ட."

எப்பவும்.

"எப்பவுமா மாமா?"

"டெய்லிதாம்மா. விளக்கு வைக்கிற நேரத்துல வீட்ட இருட்டாப் போட்டு வைக்கலாமா? எழவு வீடு மாதிரில்ல இருக்கு. உங்க மாமி இருந்திருந்தா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பா."

"டியூப் லைட்டைப் போட்டிருக்கலாமே மாமா?"

மாமா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நிரபராதியின் பார்வை.

"நீதானேம்மா போட வேணாம்ன? நீ சொன்னதுக்கப்புறம் நான் அந்த சுவிட்சுல கை வச்சிருப்பேனா? பிள்ளைகிட்டக் கேட்டுப் பாரு."

"தாத்தா டியூப் போடவேயில்ல" என்று தியா சாட்சி சொன்னாள்.

"தொட்டி லைட்டு வேணாம்னு நீ சொல்லல. தொட்டிக்குன்னு வாங்கின லைட்டு, தொட்டிக்கு நல்லதாத்தானே இருக்கும்னு நெனச்சேன். ஆனா நீ நீலமா இருக்கணும்னு சொன்னியே... அதான் நீ வர்றப்ப நீலமா இருக்கிற மாதிரி பார்த்துக்குவேன்."

ஒரு வார்த்தை தப்பில்லை. நான் சொன்ன ஒவ்வொன்றையும் அவர் அப்படியே கடைப்பிடித்திருக்கிறார். வீட்டில் ஒரு சட்டம் போட்டால், அதை மீறுகிறவரைவிட, அட்சரம் பிசகாமல் மதிக்கிறவரிடம்தான் அதிகக் கவனமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. பகல் முழுக்க மங்கல். அந்தியில், பூசை முடிந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டி முடியும்வரை, உச்சி வெயில். நான் குறைக்கக் குறைக்க, அந்த ஒரு வெயில் அதற்கு இன்னும் பெரிய அடியாக விழுந்திருக்கிறது. எந்தப் பிராணிதான் வெளுக்காது?

"ஏம்மா, அதுக்கு ஆகாதா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் ஒரு நல்ல மருமகள் என்ன சொல்ல வேண்டும்? பஸ்ஸில் வரும்போதெல்லாம் இப்படிக் கேள்விகளுக்குப் பதில் தயாரித்து வைத்திருப்பவள் நான். அன்று வாயில் வந்தது இவ்வளவுதான்.

"கொஞ்சம் கூடிப் போச்சு மாமா. அதான் வெளுத்திருக்கு. டியூப் போட்டா ஒண்ணும் ஆகாது. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

மாமா குனிந்து, கண்ணாடியருகே முகத்தை வைத்து, பச்சைக் கையை நீண்ட நேரம் பார்த்தார். குசினிக்குப் போய் எனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். சீனி கூடியிருந்தது.

கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். டியூப் லைட் வந்தாச்சு, பட்டன் போயாச்சு, இனி பச்சைக் கை தேறிவிடும்.

டியூஷன் ஹால் ஒழுக்கு நிற்காததால் மறுநாளும் எனக்கு வகுப்பில்லை. மாமா விளக்கு வைத்தார். டியூப் லைட்டைப் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார். தலையைச் சாய்த்தார். எழுந்து வலப்பக்கம் நகர்த்தினார். கடைசியில் போய் டியூப்பை அணைத்தார். நீலத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தார். பிறகு முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்ன மாமா, கண்ணு கூசுதா?"

"இல்லம்மா." கையால் சுவரைக் காட்டினார். தொட்டிக்கு எதிர்ச் சுவரில் மாமியின் படம். மாலை போட்ட, கண்ணாடி போட்ட படம். "டியூப்பப் போட்டா அந்தக் கண்ணாடியில டியூப்தான் தெரியுது. அவ தெரிய மாட்டேங்குறா."

"நீலத்துல?"

"நீலத்துல வேணாம்மா."

மாமியின் முகத்தை நீல வெளிச்சத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. பார்த்தேன். வேண்டாம்தான்.

தொட்டியின் வெள்ளை வெளிச்சம் தண்ணீரில் பட்டு அந்தச் சுவரில் அசையும். படத்தின் மேலும் அசையும். முகம் தெளிவாகத் தெரியும். கொஞ்சம் சலனமும் இருக்கும். நான் வீட்டில் இல்லாத அந்த நேரத்தில் மாமா எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

"அத விடு" என்றார் மாமா. "மொதல்ல அந்தப் பிராணி பொழைக்கட்டும்."

அன்று கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பாவா?" என்றார். பிறகு, "குடு, நான் பேசுறேன். பக்குவமாச் சொல்லணும்" என்றார். போனைக் கொடுத்தேன். பக்குவமான பேச்சு இப்படி இருந்தது:

"அப்பா, சாப்பிட்டீங்களா?... அங்க மழையா?... சரிப்பா, ஒடம்பப் பார்த்துக்குங்க. வைக்கிறேன்."

ஆண்பிள்ளைகளின் பக்குவம்.

போன் என் கைக்குத் திரும்பி வந்தது. ஆப் திறந்தே இருந்தது. கோடு காலையில் ஏறி, நண்பகலில் உச்சி தொட்டு, அந்தியில் இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கோட்டை இப்படி வரையச் சொன்னது யார்? பவளம் சொன்னதா? அதற்கு மணி பார்க்கத் தெரியுமா? நாள் என்றால் காலையில் தொடங்க வேண்டும் என்று நான்தானே முடிவு செய்தேன்?

மறுபடி கணவருக்கு அடித்தேன்.

"ஏங்க, வெளிச்சம் எத்தனை மணிக்கு வரணும்னு ஏதாவது இருக்கா?"

"மணி முக்கியமில்ல. எத்தனை மணித்தியாலம், எவ்வளவு வெளிச்சம், அதுதான் கணக்கு. டெய்லி ஒரே மாதிரி இருந்தாப் போதும். ஏன்?"

"சும்மாதான்."

அன்றிலிருந்து எங்கள் கடலின் நாளை மெல்லப் பின்னுக்குத் தள்ளினேன். ஒரேயடியாக இல்லை, தினமும் கொஞ்சம். ஒரு வாரத்துக்குள் விடியல் நண்பகலுக்கு வந்துவிட்டது. காலையில் நாங்கள் இடியப்பம் சாப்பிடும்போது மீன்கள் தூங்கும். பின்னேரம் தொட்டியில் மெல்ல வெளிச்சம் ஏறும். மாமா விளக்கு வைக்கும் நேரத்தில் வெள்ளை உச்சிக்கு வரும். பழையபடி இருபது வீதம்தான். ஆனால் அந்தி இருட்டில் இருபது வீதமே ஒரு ஹாலுக்குப் போதும். ஒரு படத்துக்கும் போதும். பட்டனைத் தொட வேண்டிய தேவையே யாருக்கும் இல்லை.

முதல் சில நாள் மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்த்தார். நூறு வீதத்துக்குப் பழகியவர் ஆயிற்றே. பிறகு பழகிக்கொண்டார்.

பச்சைக் கை?

முதலில் வெளுப்பது நின்றது. நின்றதா, நான் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டதா என்று எனக்குச் சந்தேகம். பழைய படங்களை வைத்து ஒப்பிட்டேன். நின்றுதான் இருந்தது. பிறகு அடிப்பக்க விரல்களில் ஒரு மங்கலான தவிட்டு நிறம் வந்தது. அழுகலோ என்று பயந்து கணவருக்குப் படம் அனுப்பினேன். "பாசி திரும்பி வருது. அது நல்ல நிறம்" என்று பதில் வந்தது. வெளியே அனுப்பப்பட்ட சமையற்காரர் ஒருவழியாகக் குசினிக்குத் திரும்பிவிட்டார்.

மாசக் கடைசியில் கணவர் வீடியோவில் கேட்டார்.

"பச்சை வருதா?"

"எனக்கு வர்ற மாதிரி இருக்குங்க. ஆனா எனக்கு எல்லாமே ஏதாவது மாதிரி இருக்கும். நீங்களே பாருங்க."

போனைத் தொட்டியின் பக்கம் திருப்பினேன். தியா நடுவில் புகுந்து, "அப்பா, கை காட்டுது!" என்றாள். ஒரு விரலில் மொட்டுகள் விரிந்திருந்தன. ஒரே ஒரு விரல்.

அவர் பார்த்தார். "பண்டாரவளைக்காரனுக்கு வேணாம்னு சொல்லிடுறேன்" என்றார். பிறகு அப்பாவும் மகளும் மீனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். நான் எழுந்து உப்புக் கலக்கப் போனேன்.

போன வாரம் விளக்கு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த மாமா, தொட்டியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"இப்பல்லாம் பட்டனே அமுக்க வேண்டியதில்லம்மா. சரியா விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தானா வெள்ளையாகுது. நல்ல லைட்டாத்தான் பார்த்து வாங்கியிருக்கான் எம் மகன்."

"ஆமாங்க மாமா" என்றேன்.

இப்போதெல்லாம் கீழ் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது எங்கள் ஜன்னல் வெள்ளையாகத்தான் இருக்கிறது. நான் நிற்பதில்லை. ஊர் முழுக்க அந்தி மயங்கும் நேரத்தில், எங்கள் கடலில் மட்டும் உச்சி வெயில்!